சத்தம் ஒரு பக்கம், வாக்கு மறுபக்கம்

2025 மே 17 இரவு, சுவிட்சர்லாந்தின் பாசல் நகரம். யூரோவிஷன் பாட்டுப்போட்டியின் இறுதிச்சுற்றில் பாட்டெல்லாம் முடிந்து புள்ளி அறிவிக்கும் நேரம். நடுவர் குழுக்களின் கணக்கில் 214 புள்ளியோடு இரண்டாம் இடத்தில் நின்றவர் சொந்த மண்ணின் பாடகி ஸோயி மே. மக்கள் வாக்கில் அவருக்கு எவ்வளவு என்று வாசித்தார்கள்: பூஜ்யம். நடுவர்களிடம் வெறும் 60 வாங்கியிருந்த இஸ்ரேலின் யுவல் ரஃபாயெலுக்கு மக்கள் தந்தது 297. அன்றிரவு மக்கள் வாக்கில் அதுதான் உச்சம். கடைசியில் ஆஸ்திரியாவின் ஜே.ஜே. 436 புள்ளியோடு கோப்பையைத் தூக்கினார். யுவல் 357-உடன் இரண்டாமிடம். மார்ச் மாதத்திலிருந்து இணைய ரசிகர்கள் தலையில் தூக்கி வைத்து ஆடிய ஸ்வீடனின் நீராவிக் குளியல் பாட்டு நான்காவதாக வந்தது.

சமூக ஊடகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த ஒருவருக்கு இந்த முடிவு தலைகால் புரிந்திருக்காது. அங்கே மாதக்கணக்கில் ஒலித்ததெல்லாம் இஸ்ரேலை வெளியேற்று என்ற குரல். காசா போரை முன்னிட்டு போட்டியையே புறக்கணிப்போம் என்றவர்கள் ஏராளம். இவ்வளவு பெரிய, இவ்வளவு பழகிய ஒரு ரசிகர் கூட்டம் ஒரு பக்கம் இழுக்க, வாக்கு எப்படி மறுபக்கம் போனது? தில்லுமுல்லு என்று ஒரு சாரார் சொன்னார்கள். அமைதியான பெரும்பான்மை பேசிவிட்டது என்று இன்னொரு சாரார். இரண்டுமே அவசரத் தீர்ப்பு என்பது என் எண்ணம். விடை, யூரோவிஷன் ரசிகர்கள் நாற்பது ஆண்டுகளாகப் பழகி வளர்த்த வழிமுறைகளிலேயே இருக்கிறது.

போட்டியைப் பற்றிக் கொஞ்சம். ஐரோப்பிய நாடுகளின் பொதுத்துறைத் தொலைக்காட்சிகள் சேர்ந்து நடத்தும் ஐரோப்பிய ஒலிபரப்புச் சங்கம்தான் இதன் உரிமையாளர். 1956-இல் லுகானோ நகரில் ஏழு நாடுகளோடு தொடங்கியது. இப்போது ஆளுக்கொரு பாட்டு, ஒவ்வொரு நாடும் பிற நாடுகளின் பாட்டுகளுக்கு மட்டுமே புள்ளி போடலாம். ஒவ்வொரு நாட்டிலும் முதலில் வரும் பாட்டுக்கு 12, அடுத்ததற்கு 10, பிறகு 8 முதல் 1 வரை என்பது 1975 முதல் உள்ள வழக்கம். 1997-இல் ஐந்து நாடுகள் பொதுமக்களின் தொலைபேசி வாக்கைச் சோதித்துப் பார்த்தன. மறு ஆண்டே அது பரவலானது. 2009-இல் நடுவர்கள் திரும்பி வந்தார்கள், பாதிக்குப் பாதி. 2016 முதல் இரண்டு கணக்கையும் தனித்தனியே வாசிக்கிறார்கள். நடுவர் ஒருவரை உச்சத்தில் வைப்பதும் மக்கள் அவரைக் கீழே தள்ளுவதும் நேரலையில் கண்முன்னே நடக்கும். ரசிகச் சண்டைக்கு இதைவிடத் தோதான மேடை வேறென்ன வேண்டும்? 2025 போட்டியை 37 நாடுகளில் 16.6 கோடிப் பேர் பார்த்ததாகச் சங்கம் சொல்கிறது.

இணையம் வருவதற்கு முன்பே இதற்கு ரசிகர் மன்றங்கள் உண்டு. 1984-இல் ஃபின்லாந்தின் சவோன்லின்னா நகரில் தொடங்கிய ஓ.ஜி.ஏ.இ. என்ற மன்றம் இன்று நாட்டுக்கு நாடு கிளை பரப்பியிருக்கிறது. அந்தக் காலத்தில் ஒலிநாடாவையும் வீடியோ நாடாவையும் தபாலில் அனுப்பிக்கொண்டார்கள். தட்டச்சு செய்த செய்திமடல் சுற்றுக்கு விட்டார்கள். மேற்கு ஐரோப்பாவில் இந்த மன்றங்களின் முதுகெலும்பாக இருந்தவர்கள் ஒருபாலீர்ப்பு ஆண்கள். வெளியில் வாய்விட்டுச் சொல்ல முடியாததை ஒரு பாட்டுப் போட்டியின் சாக்கில் தங்களுக்குள் பேசிக்கொள்ள அங்கே இடம் கிடைத்தது. டாஃப்னா லெமிஷ் என்ற ஆய்வாளர் இஸ்ரேலின் ஒருபாலீர்ப்பு ஆண்களுக்கும் இந்தப் போட்டிக்கும் உள்ள பிணைப்பைப் பற்றி 2004-இல் எழுதிய கட்டுரை இத்துறையில் பலரும் எடுத்துக்காட்டுவது. 1998-இல் இஸ்ரேலின் திருநங்கைப் பாடகி டானா இன்டர்நேஷனல் வென்றபோது அந்தப் பிணைப்பு உலகறிந்தது. பின்னாளில் அதே ரசிகர் சமூகம் இஸ்ரேல் விஷயத்தில் இரண்டாகப் பிளந்ததன் வலியை, இந்தப் பழைய உறவை மறந்துவிட்டுப் பார்த்தால் புரிந்துகொள்ள முடியாது.

ட்விட்டர் வந்தபோது மன்றத்துக்குள் இருந்த பேச்சு வாசலுக்கு வந்தது. பிரிட்டனில் டெர்ரி வோகன் என்ற பி.பி.சி. வர்ணனையாளர் 2008 வரை பல ஆண்டுகள் இந்தப் போட்டியைக் கிண்டலும் கேலியுமாக வர்ணித்தார். பாட்டைவிட அவர் பேச்சுக்காகப் பார்த்தவர்கள் உண்டு. அவர் விலகிய சில ஆண்டுகளில் ஒவ்வொரு பார்வையாளரும் ஒரு வோகன் ஆகிவிட்டார். 2012 போட்டியின்போது வந்த ட்விட்டர் பதிவுகளை ஆராய்ந்து டிம் ஹைஃபீல்ட், ஸ்டீபன் ஹாரிங்டன், ஆக்ஸல் புரூன்ஸ் என்ற மூன்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2013-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தொலைக்காட்சி பார்ப்பது என்பதே பலர் கூடி நிகழ்த்தும் செயலாக ட்விட்டரில் மாறுகிறது என்பது அதன் சாரம். ஆஸ்திரேலியர்கள் இதை ஆராய்ந்ததில் ஒரு பொருத்தம் உண்டு. அந்நாட்டின் எஸ்.பி.எஸ். தொலைக்காட்சி 1983 முதல் யூரோவிஷனைக் காட்டுகிறது. ஐரோப்பாவில் இரவு என்றால் அங்கே விடியற்காலை. ஆகவே அந்நாளில் பல மணி நேரம் தள்ளி, உள்ளூர் மாலையில் ஒளிபரப்பு நடந்தது. யார் வென்றார்கள் என்பது கண்ணில் படாமல் நாள் முழுக்க ஒதுங்கியிருந்து, பிறகு ஒன்றாகக் கூடி ஹேஷ்டேக்கில் கூத்தடித்தார்கள். 2015-இல் ஆஸ்திரேலியாவையே போட்டியில் சேர்த்துக்கொண்டார்கள். முதல் முயற்சியிலேயே ஐந்தாமிடம்.

வெற்றிக்கும் இணையப் புகழுக்கும் தொடர்பில்லை என்பதை முதலில் காட்டியது ஒரு சாக்ஸஃபோன். 2010-இல் ஆஸ்லோவில் மால்டோவா நாட்டுக் குழு பாடிய பாட்டு 22-ஆம் இடத்தோடு ஓய்ந்தது. ஆனால் நடுவே செர்கெய் ஸ்டெபனோவ் என்ற கலைஞர் இடுப்பை ஆட்டியபடி வாசித்த சில நொடித் துணுக்கை யாரோ வெட்டியெடுத்து யூடியூபில் சுற்றிச் சுற்றி ஓடவிட்டார்கள். பத்து மணி நேரம் அதே துணுக்கு ஓடும் பதிப்புகூட வந்தது. 'எபிக் சாக்ஸ் கை' என்று உலகம் முழுக்க மீம் ஆனார். அந்த ஆண்டு வென்றவர் யார் என்று கேட்டால் யோசிக்கிறவர்களும் சாக்ஸ்காரரைச் சட்டென்று அடையாளம் காண்பார்கள். 2017-இல் அதே குழு கீயெவ் நகருக்குத் திரும்பி வந்து மூன்றாம் இடம் பிடித்தது. ஏழு ஆண்டு மீம் ஈட்டித் தந்த வட்டி என்று இதைச் சொல்லலாம்.

ஒரு தீவிர ரசிகரின் ஆண்டு மே மாதத்தில் தொடங்குவதில்லை. டிசம்பர் மாதமே அல்பேனியா தன் பாட்டைத் தேர்ந்தெடுத்துவிடும். பிறகு மார்ச் வரை ஒவ்வொரு நாட்டின் தேர்வுச்சுற்று. சனிக்கிழமை இரவுகளில் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று நாட்டு ஒளிபரப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, மொழி தெரியாவிட்டாலும் புள்ளிக் கணக்கைத் தொடர்வார்கள். பாட்டுகள் முழுவதும் வெளிவந்ததும் யூடியூபில் 'என் முதல் 37' என்று தரவரிசைக் காணொளிகள் குவியும். புதுப்பாட்டை முதன்முறை கேட்டு முகம் மாறுவதைப் படம்பிடிக்கும் ரியாக்‌ஷன் வீடியோக்கள் வரும். ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம், லண்டன் போன்ற நகரங்களில் முன்னோட்ட விழாக்கள். ஆம்ஸ்டர்டாம் அரங்கில் ஒரு பாடகருக்கு மேல்ஸ்தாயி கொஞ்சம் பிசகினால், முன்வரிசையில் நீட்டிய கைப்பேசி அதைப் பிடித்துவிடும். அவர் மேடையிலிருந்து இறங்குவதற்குள் 'நேரலையில் இவரால் பாட முடியாது' என்ற தீர்ப்பு நான்கு தளங்களில் ஓடிக்கொண்டிருக்கும். சூதாட்ட நிறுவனங்களின் பந்தய விகிதமும் அன்றிரவே அசையும். இந்தக் கூட்டத்தைத் தங்களுக்குள்ளே 'பபுள்' என்று சொல்லிக்கொள்கிறார்கள். தாங்கள் ஒரு குமிழிக்குள் இருக்கிறோம் என்ற நினைப்பு அவர்களுக்கும் உண்டு. ஆனால் மே மாதம் வந்தால் அந்த நினைப்பு கழன்றுவிடும்.

குமிழியின் கணிப்பு பலித்ததும் உண்டு, தவறியதும் உண்டு. 2025-இல் ஸ்வீடன் தேர்ந்தெடுத்த 'காய்' என்ற மூவர் குழு ஃபின்லாந்தின் ஸ்வீடிஷ் பேசும் வட்டாரத்துக்காரர்கள். தங்கள் வட்டார மொழியில் நீராவிக் குளியலைப் பற்றிப் பாடினார்கள். ரசிகர் மன்றங்களின் வாக்கெடுப்பில் அவர்களே முதலிடம். பந்தயச் சந்தையிலும் அவர்களே. பாசலில் 321 புள்ளியோடு நான்காமிடம். தோல்வி என்று சொல்ல முடியாத இடம்தான். ஆனால் இணையத்தில் ஏதோ வீட்டில் இழவு விழுந்ததுபோல் பேச்சு.

2020-இல் கொரோனா காரணமாகப் போட்டி முதன்முறையாக ரத்தானது. போட்டியே இல்லாத அந்த ஆண்டில்தான் சமூக ஊடகம் தனியாக ஒரு வெற்றியாளரை உருவாக்கிக் காட்டியது. ஐஸ்லாந்தின் டாதி ஃப்ரேயர் தன் கைக்குழந்தையைப் பற்றி எழுதிய பாட்டு. குழுவினர் எல்லோருக்கும் நீலப்பச்சை ஸ்வெட்டர், நெஞ்சில் அவரவர் முகமே பழைய கணினி விளையாட்டுப் படம்போலச் சதுரம் சதுரமாக. உணர்ச்சியே காட்டாத முகத்தோடு எல்லோரும் போடக்கூடிய ஒரு எளிய ஆட்டம். ஊரடங்கில் அடைபட்டுக் கிடந்த குடும்பங்கள் கூடத்தில் நின்று அதையே ஆடிப் பதிவேற்றின. அடுத்த ஆண்டு ரோட்டர்டாமில் அவர் நான்காமிடம். குழுவில் ஒருவருக்குத் தொற்று வந்ததால் மேடை ஏறாமல், ஒத்திகைப் பதிவைக் காட்டியே அந்த இடத்தைப் பெற்றார்.

டிக்டாக் இதை இன்னும் முறுக்கிவிட்டது. 2019-இல் வென்ற நெதர்லாந்தின் டங்கன் லாரன்ஸ் பாடிய 'ஆர்கேட்' ஒன்றரை ஆண்டு கழித்து டிக்டாக்கில் பிடித்துக்கொண்டு 2021-இல் அமெரிக்காவின் பில்போர்டு 100 பட்டியலில் ஏறியது. யூரோவிஷனில் வென்ற பாட்டு ஒன்று அந்தப் பட்டியலைத் தொட்டது 1976-க்குப் பிறகு அதுவே முதல் முறை. 2022-இல் ஆர்மேனியாவின் ரோசா லின் 'ஸ்னாப்' பாட்டோடு இருபதாம் இடத்தில் முடித்தார். சில மாதத்தில் அந்த ஆண்டின் போட்டிப் பாட்டுகளிலேயே உலகம் முழுக்க அதிகம் கேட்கப்பட்டவற்றுள் ஒன்றாக அது ஆகிவிட்டது. அந்த ஆண்டு டூரின் நகரப் போட்டிக்கு டிக்டாக் அதிகாரபூர்வப் பங்காளி. ஆண்டுக்கணக்காகச் சம்பளமில்லாமல் ஒத்திகை அறையின் வாசலில் உட்கார்ந்து செய்தி எழுதிய ரசிகர் தளங்களை முதல் ஒத்திகைகளுக்கு உள்ளே விடவில்லை. ரசிகர் உழைப்பில் வளர்ந்த ஆர்வத்தைப் பெரிய தளத்துக்குக் கைமாற்றிய இந்த ஏற்பாட்டை அவர்கள் மன்னிக்கவே இல்லை. மன்னிக்க வேண்டியதும் இல்லை.

ரசிகர்கள் நல்லது மட்டுமே செய்தார்கள் என்றும் சொல்ல மாட்டேன். 2021 இறுதிச்சுற்றில் இத்தாலியின் மோனெஸ்கின் குழு காத்திருப்பு மேசையில் உட்கார்ந்திருந்தது. பாடகர் டாமியானோ டேவிட் மேசைமேல் குனிந்த ஒரு நொடியைக் கேமரா கடந்து சென்றது. அவ்வளவுதான்: போதைப்பொருள் உறிஞ்சுகிறார் என்று ட்விட்டர் பற்றி எரிந்தது. வென்ற கையோடு நடந்த செய்தியாளர் கூட்டத்தில் அவரிடம் அதையே கேட்டார்கள். கிட்டாரிஸ்ட் ஒரு கண்ணாடிக் கோப்பையை உடைத்துவிட்டார், அதைப் பார்த்தேன் என்றார். தானே முன்வந்து பரிசோதனை செய்துகொண்டார். எதுவும் இல்லை என்று வந்தது. உடைந்த கண்ணாடியும் கிடைத்தது. சங்கம் வழக்கை மூடியது. சில நொடிப் படத்தை நிறுத்தி, பெரிதாக்கி, வட்டம் போட்டு நீதி வழங்கும் அந்தப் பழக்கம் மட்டும் மூடப்படவில்லை. 

2023-ஐச் சற்று நின்று பார்க்க வேண்டும். லிவர்பூலில் ஃபின்லாந்தின் கேரியா மரப்பெட்டியை உடைத்துக்கொண்டு வெளியே வந்தார்: வெற்று மார்பு, தோளிலும் கையிலும் மட்டும் பளபளக்கும் பச்சை நிறத்தில் புடைத்த சட்டைக்கை. மாதக்கணக்கில் ரசிகர்கள் அந்தப் பச்சைக் கையைத் தைத்துப் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். நடுவர் புள்ளிகள் வாசிக்கும்போதே அரங்கு 'சா சா சா' என்று அவர் பாட்டைக் கோஷமிட்டது. மக்கள் வாக்கில் அவருக்கு 376, ஸ்வீடனின் லொரீனுக்கு 243. ஆனால் நடுவர்கள் லொரீனுக்கு 340 தந்தார்கள், கேரியாவுக்கு 150. மொத்தத்தில் 583-க்கு 526 என்று லொரீன் வென்றார். அன்று முதல் 'நடுவர்கள் கொள்ளையடித்தார்கள்' என்பது குமிழியின் மந்திரம் ஆயிற்று. மக்கள் என்றால் நாங்கள், மக்கள் வாக்கு என்றால் எங்கள் வாக்கு என்ற நம்பிக்கை அந்த இரவில் இறுகியது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் அந்த நம்பிக்கைதான் அடி வாங்கியது.

அதே லிவர்பூலில் ஸ்லோவேனியாவின் 'ஜோக்கர் அவுட்' என்ற இளைஞர் குழு 21-ஆம் இடம் பெற்றது. தாய்மொழியில் பாடிய ஐந்து பேர். போட்டிக் கணக்கில் மறந்துபோக வேண்டியவர்கள். ரசிகர்கள் மறக்கவிடவில்லை. அவர்களுடைய பழைய பேட்டிகளைத் தேடியெடுத்து, பல மொழிகளில் வசன வரிகள் எழுதிப் பதிவேற்ற ஒரு தன்னார்வக் குழுவே உருவானது. பாட்டுக்காக ஸ்லோவேனிய மொழியைக் கற்கத் தொடங்கியவர்கள் உண்டு. சுமார் 20 லட்சம் பேர் பேசும் மொழி அது. பிறகு அந்தக் குழு ஐரோப்பா முழுக்கக் கச்சேரிச் சுற்று போனது. இணைய ரசிகத்தன்மையின் மெய்யான பலம் எது என்று கேட்டால் இதைத்தான் காட்டுவேன். வாக்குப் பெட்டியில் அது தெரியாது.

இனி மால்மோ, 2024. மார்ச் மாதமே பிரிட்டன், அயர்லாந்து, சுவிட்சர்லாந்து உள்ளிட்ட சில நாட்டுப் பாடகர்கள் போர்நிறுத்தம் கோரி ஒரு கூட்டறிக்கை விட்டார்கள், ஆனால் விலகவில்லை. விலகாததற்காக அவர்கள்மேல் வசை மழை. ஏப்ரலில் பாடகர்கள்மீதான இணைய வசவைக் கண்டித்துச் சங்கம் அறிக்கை விடும் அளவுக்குப் போயிற்று. இஸ்ரேலின் ஏடன் கோலன், இருபது வயதுப் பெண், பலத்த காவலோடு விடுதிக்குள் இருந்தார்; ஒத்திகையில் அவரை நோக்கிக் கூச்சலிட்டார்கள். நெதர்லாந்தின் யோஸ்ட் க்ளைன் ஒரு படப்பிடிப்புப் பணியாளரிடம் நடந்துகொண்ட முறைக்காக இறுதிநாளன்று வெளியேற்றப்பட்டார்; அந்த வழக்கை ஆகஸ்டில் ஸ்வீடன் அரசு வழக்கறிஞர்கள் கைவிட்டார்கள். சமூக ஊடகத்தில் அந்த வாரம் நடந்ததை எல்லாம் சேர்த்து எடைபோட்டால் இஸ்ரேல் பாட்டு அடிமட்டத்துக்குப் போயிருக்க வேண்டும். மக்கள் வாக்கில் அது 323 புள்ளி வாங்கியது. குரோவேஷியாவின் பேபி லசான்யா பெற்ற 337-க்கு அடுத்த இடம். நடுவர்கள் தந்த 52-உடன் சேர்த்து மொத்தத்தில் ஐந்தாமிடம்.

இங்கேதான் கணக்குப் பார்க்க வேண்டும். யூரோவிஷனில் எதிர்வாக்கு கிடையாது. பிடிக்காத பாட்டுக்கு எதிராக யாரும் எதுவும் செய்ய முடியாது. வேறொரு பாட்டுக்குப் போடலாம், அல்லது சும்மா இருக்கலாம். ஒருவர் 20 வாக்குவரை போடலாம் என்பது 2025 வரை இருந்த விதி. ஒரு ஊரில் ஆயிரம் பேர் பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஐம்பது பேர் ஒரே பாட்டுக்கு ஆளுக்கு 20 போட்டால் ஆயிரம் வாக்கு. மீதி 950 பேரில் பாதிப்பேர் வாக்களித்து, ஆளுக்கு ஐந்து வாக்கு போட்டாலும் மொத்தம் 2,375. அது 24 பாட்டுகளுக்குப் பிரிந்தால் பாட்டுக்கு நூறுகூட வராது. இதில் புறக்கணிக்கிறேன் என்று தொலைக்காட்சியை அணைத்தவர், தன் வாக்கையும் சேர்த்தே அணைத்துவிட்டார்.

வாக்கின் இயல்பைப் பற்றி ஆய்வாளர்கள் முன்பே சொல்லியிருக்கிறார்கள். நாடுகள் கூட்டம் கூட்டமாக ஒன்றுக்கொன்று புள்ளி போட்டுக்கொள்வதை காட் யாயிர் 1995-இலேயே வரைபடமாகக் காட்டினார். மார்த்தா ப்ளாஞ்சார்டோ, ஜான்லூக்கா பயோ இருவரும் 2014-இல் வெளியிட்ட புள்ளியியல் ஆய்வின் முடிவு எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது: ஒரு நாட்டை வேண்டுமென்றே ஒதுக்குவதற்குச் சான்று இல்லை, அண்டை உறவாலும் குடியேறியவர்களாலும் தூக்கிவிடுவதற்கு ஓரளவு சான்று உண்டு. ஜெர்மனியில் வாழ்ந்த துருக்கியர்களால் துருக்கிக்கு ஆண்டுதோறும் விழுந்த புள்ளிகள் இதற்குப் பழைய எடுத்துக்காட்டு. ஊர்விட்டு ஊர் போனவர்கள் தொலைக்காட்சி வாக்கெடுப்பில் சொந்த ஊர்க்காரருக்கு எப்படித் திரள்வார்கள் என்பதைத் தமிழ் வாசகருக்கு விளக்கத் தேவையில்லை. 2022-இல் உக்ரைனின் கலுஷ் குழுவுக்கு மக்கள் வாக்கில் கிடைக்கக்கூடிய 468-இல் 439 கிடைத்ததும் இந்தத் தூக்கிவிடும் வகைதான்; அன்று குமிழியில் பெரிதாக யாரும் அதைக் குற்றம் சொல்லவில்லை.

2025-இல் ஸ்பெயின் ஒரு கதவைத் திறந்து காட்டியது. அந்நாட்டு ஆர்.டி.வி.இ. தொலைக்காட்சி மக்கள் வாக்கைத் தணிக்கை செய்யக் கோரியது. தன் நாட்டு எண்களையும் வெளியிட்டது. இறுதிச்சுற்றில் மொத்த வாக்கு 1,42,688. தொலைபேசி அழைப்பு 7,283, குறுஞ்செய்தி 23,840, மீதி 1,11,565 இணையம்வழி. பார்த்தவர்கள் சராசரி சுமார் 59 லட்சம். நூறு பார்வையாளருக்கு இரண்டரை வாக்குகூடத் தேறவில்லை. அந்த வாக்கில் மூன்றில் ஒரு பங்கு இஸ்ரேலுக்கு. ஸ்பெயின் மக்கள் வாக்கின் 12 புள்ளியும் அதற்கே. ஆளுக்கு 20 வீதம் போட்டால் அந்த ஒரு பங்கைத் திரட்ட 2,379 பேர் போதும். 59 லட்சத்தில் 2,379. பெரும்பான்மை எதையும் பேசவில்லை, விதி அப்படி.

அந்த 20 வாக்கையும் போடுங்கள் என்று யார் சொன்னார்கள்? ஐரோப்பிய ஒலிபரப்புச் சங்கத்தின் உண்மை சரிபார்க்கும் குழுவே ஆராய்ந்து சொன்னது: இஸ்ரேல் அரசின் விளம்பர முகமை கூகுள் தளங்களில், யூடியூபில், பல நாடுகளைக் குறிவைத்துக் காசு கொடுத்து விளம்பரம் செய்திருந்தது. அன்றைய விதிப்படி அது குற்றமில்லை. யுவல் ரஃபாயெல் 2023 அக்டோபர் 7 தாக்குதலில் நோவா இசைவிழாவிலிருந்து உயிர்தப்பியவர். அவர் பாட்டைப் பிடித்தும், அவர்பால் இரக்கம் கொண்டும் போட்டவர்கள் நிச்சயம் இருப்பார்கள். ஆனாலும் விளம்பரம் கற்றுக்கொடுத்த வேலை என்ன? ஒரே பாட்டைப் பிடி, முழு எண்ணிக்கையையும் அதற்கே போடு, தெரிந்தவரையும் போடச் சொல், எப்படிப் போடுவது என்று படிப்படியாகக் காட்டு. ரசிகர்கள் கேரியாவுக்கும் பேபி லசான்யாவுக்கும் பிரியத்தால் செய்த அதே வேலை. ஹேஷ்டேக்கும் செயல்விளக்கக் காணொளியும் அவர்கள் பழக்கிவிட்டவை. விதியோடு விளையாடுவது ரசிகர்களின் பிறவிக்குணம். இத்தாலியில் சான் ரெமோ பாட்டுவிழாவை வைத்து நண்பர்கள் சிலர் தொடங்கிய 'ஃபான்டா சான் ரெமோ' என்ற புள்ளி விளையாட்டுக்காகப் பெரிய பாடகர்களே மேடையில் தண்டால் எடுத்தார்கள். அதே விளையாட்டுக் கருவி பட்ஜெட்டும் இலக்கு விளம்பரமும் உள்ள ஓர் அரசின் கையில் போனால் ரசிகர் எப்படி ஈடுகொடுப்பார்?

2023 முதல் போட்டியில் இல்லாத நாடுகளும் இணையம்வழி வாக்களிக்கலாம். பணம் செலுத்தும் அட்டை ஒன்று இருந்தால் சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ போடலாம். இந்தியா, அமெரிக்கா, பிரேசில் எல்லாம் சேர்த்து ஒரே ஒரு நாட்டின் கணக்கு. சுமார் 34,000 பேர் வாழும் சான் மரீனோவுக்கு உள்ள அதே எடை. இதில் இன்னொரு வேடிக்கை, சான் மரீனோவுக்கு இத்தாலியின் தொலைபேசி இணைப்பே என்பதால் அதன் மக்கள் வாக்கைப் பிற நாட்டு முடிவுகளிலிருந்து கணக்கிட்டுச் சேர்க்கிறார்கள்.

2025 நவம்பரில் சங்கம் விதிகளை மாற்றியது. ஒருவருக்கு 20 வாக்கு என்பது 10 ஆயிற்று. அரையிறுதிச் சுற்றுகளுக்கு நடுவர்கள் திரும்பினார்கள். குழுவில் ஐவருக்குப் பதில் எழுவர், அதில் குறைந்தது இருவர் 18 முதல் 25 வயதுக்குள். அரசுகளும் வெளியாரும் அளவுக்கு மீறிப் பிரசாரம் செய்வதைத் தடுக்க ஒரு விதியும் சேர்ந்தது. டிசம்பர் 4 அன்று ஜெனீவாவில் கூடிய உறுப்பினர்கள் இது போதும் என்று முடிவு செய்ய, இஸ்ரேல் 2026 வியன்னா போட்டியில் இருப்பது உறுதியானது. அன்றே ஸ்பெயின், அயர்லாந்து, நெதர்லாந்து, ஸ்லோவேனியா விலகின. சில நாளில் ஐஸ்லாந்தும். 2024-இல் வென்ற சுவிட்சர்லாந்தின் நெமோ தன் கோப்பையைத் திருப்பித் தருவதாக அறிவித்தார். விலகிய நாட்டு ரசிகர்கள் இனி வாக்களிக்க நினைத்தால் 'உலகின் எஞ்சிய பகுதி' என்ற பெட்டியில்தான் போட வேண்டும். நீண்ட மன்ற வரலாறு உள்ள மாட்ரிட் ரசிகரும் இதைக் கேள்விப்படாத மதுரைக்காரரும் அங்கே ஒரே வரிசை.

பத்தாகக் குறைத்ததால் பிரச்சினை பாதியாகும், தீராது. மேலே போட்ட கணக்கில் ஐம்பது பேர் இருந்த இடத்தில் நூறு பேர் வேண்டும், அவ்வளவுதான். ஒரு அட்டைக்கு ஒரு வாக்கு என்று வைத்தால் வருமானம் குறையும்; போட்டி நடத்துகிறவர்கள் அதற்கு இலேசில் இணங்க மாட்டார்கள். அதற்கு முன் செய்யக்கூடிய எளிய காரியம் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு நாட்டிலும் விழுந்த வாக்கு எத்தனை, அதைப் போட்டவர்கள் எத்தனை பேர் என்ற இரண்டு எண்களை முடிவு அறிவித்த மறுநாள் சங்கம் வெளியிட வேண்டும். ஸ்பெயின் முதல் எண்ணை வெளியிட்டது. அதனால் எதுவும் இடிந்து விழவில்லை. இத்தனை ஆண்டு ஹேஷ்டேக்கில் தொண்டை கிழியக் கத்திய ரசிகர்கள், அடுத்த முறை யாரை வெளியேற்றுவது என்று கத்துவதற்கு முன், இந்த இரண்டு எண்களைக் கேட்டுக் கத்தட்டும்.